ஈர்க்குச்சி அளவு

மொச்சைக்கொட்டை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தால்தான் அதன் தோல் சொன்ன பேச்சைக் கேட்கும். அவசரக்காரி கையில் நசுங்கும். பொறுமைக்காரி கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகச் சேர்ந்த மாத்திரத்தில், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும், தோல் விரலிடுக்கிலேயே நின்றுவிடும். அமலோற்பவம் நாலு ஏ வீட்டுச் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். மார்கழி வெயில் ஜன்னல் வழியாக வந்து அவள் முழங்கால் வரை ஏறி, அதற்கு மேல் ஏறத் தயங்கி நின்றது. மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம். நாலு மணிக்கு வீட்டுவேலை செய்கிறவர்கள் சங்கத்துப் பர்வீன் வருவாள். கூட சமூக நலத்துறை அதிகாரி அம்மா ஒருவரும் ஒரு பெண் போலீஸும் வருவார்கள். வந்து, இந்த வாசலுக்கு எதிர்வாசலான நாலு சி-யின் மணியை அடிப்பார்கள். உள்ளே வேலை செய்கிற பெண்ணைப் பார்த்து, இங்கே இருப்பது உன் இஷ்டமா என்று கேட்பார்கள். அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டதாம், அதனால் அவள் வாயால்தான் சொல்ல வேண்டுமாம். போகணும் என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் வணக்கம் போட்டுவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விடுவார்கள், அப்புறம் அந்தக் கதவு இன்னொரு தடவை யாருக்கும் திறக்காது. இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம். கிண்ணம் கால்வாசிதான் நிறைந்திருந்தது.

இந்த வேளை அவளுக்குப் பிடித்த வேளை. வீட்டுக்காரி நிர்மலா வங்கியில் இருப்பாள், ஆறரைக்கு முன்னால் வரமாட்டாள். ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் முனகும், பிறகு தானே சமாதானமாகும். வீட்டுச் சாவி அமலோற்பவத்தின் இடுப்பில் செருகியிருக்கும், அசைகிறபோதெல்லாம் கைக்குழந்தையின் குதிகால் மாதிரி இடுப்பை உரசும். ஐம்பத்திரண்டு வயதில் இந்த ஒரு சின்னக் கனம் போதும் என்று இருக்கும் அவளுக்கு. வேலை முடிந்து போனால் ஓட்டேரியில் ஓர் அறை, அதன் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். போய்ச் சேர்ந்ததும் தாழ்ப்பாளைப் போடுவாள், சும்மா ஒருமுறை திறந்து பார்ப்பாள், மறுபடியும் போடுவாள். பதினைந்து வருஷமாக இப்படி. அதைவிடப் பெரிய சந்தோஷம் பஸ் நிறுத்தத்தில். நேராகப் போகிற பஸ் ஒன்று, ஊரைச் சுற்றிப் போகிற பஸ் ஒன்று. எதில் ஏறலாம் என்று நின்று யோசிக்கிற அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே அவள் சில நாள் வந்த பஸ்ஸை விட்டுவிடுவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள், பாவம், கண் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு, "ஓட்டேரி போவும்மா, ஏறு" என்பார்கள். தெரியும், தெரியும் என்று தலையாட்டுவாள். ஒரு பருப்பு நசுங்கிவிட்டது. நாலு மணியை நினைத்தால் விரல் தன்னிச்சையாக அழுத்திவிடுகிறது. காலையில் நிர்மலாவிடம் சொன்னபோது அவள் கைக்கடிகாரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். வார் துளையில் ஊசி நுழையாமல் நின்றது. "அமலுக்கா, எதிர்வீட்டுக்காரங்க மூஞ்சில தெனம் முழிக்கணும் நாம. நம்ம வாசல்ல எதுவும் நடக்க வேணாம்." சரிம்மா என்றாள் இவள். லிஃப்டுக்குள் போனபிறகு, கதவு மூடுவதற்கு முன்னால், நிர்மலா கையை நீட்டி அதைத் தடுத்தாள். "சாவி உங்ககிட்டதான இருக்கு?" என்று கேட்டாள். இருக்கும்மா. "அப்ப சரி." அதற்கு என்ன அர்த்தம் என்று அமலோற்பவம் காலையிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வேலையை விட்டுப் போகச் சொல்வாளோ. சொன்னாலும் சொல்லட்டும். இந்த ஜன்னல் வெயில் போய்விடும், அது ஒன்றுதான்.

செருப்பில்தான் ஆரம்பித்தது. இந்தக் கட்டடத்தில் வேலைக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விடமாட்டார்கள், படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரோரமாக விடுவார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அந்தந்த மாடிச் செருப்புகள் சுவரைப் பார்த்தபடி நிற்கும். வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியது நாலு பி-யில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுடையது. அது இல்லையென்றால் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். அமலோற்பவம் ஆளைப் பார்க்காமலே, செருப்பைப் பார்த்து ஆள் கணக்கு சொல்லிவிடுவாள். நாலு சி-யில் விடிந்ததிலிருந்து வேலைச் சத்தம் கேட்கும், மிக்சி ஓடும், துணி கும்மும், அலமாரி நகரும். ஆனால் சுவரோரம் அந்த வீட்டுக்கென்று ஒரு ஜோடி கிடையாது. வாசல் அலமாரியில் ஐயாவின் பூட்ஸ், ஹேமா மேடத்தின் குதிகால் செருப்பு, பையனின் விளையாட்டு ஷூ மூன்று ஜோடி. வேலை இருக்கிறது, வேலை செய்கிற காலுக்குச் செருப்பு இல்லை. இது புரிய அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. புரிந்ததைப் புரிந்ததாக ஒப்புக்கொள்ள எட்டு மாசம் ஆயிற்று. அந்த எட்டு மாசத்தைத்தான் பிதுக்கிப் பிதுக்கிப் போட்டாலும் தோல் கழலவில்லை. காவல்காரர் சொன்னாரே, "தூரத்துச் சொந்தமாம்மா. கல்வராயன் மலப்பக்கம். தையல் படிக்க வந்திருக்குதாம்" என்று. சரி, சொந்தம் என்று விட்டாள். அதே காவல்காரர் ஆடி போய், ஆவணி போய், தீபாவளியும் போனபிறகு, "எந்தத் தையல் கிளாஸும்மா, அந்தப் பொண்ணு கேட்டத் தாண்டி நான் பாத்ததே இல்ல" என்றார். அப்போதும் விட்டாள். நமக்கெதுக்கு என்று விடவில்லை, பயத்தில் விட்டாள். திரும்பவும் ஒரு மூடின கதவுக்கு எதிரில் நிற்க வேண்டுமே என்ற பயம்.

நாலு சி-யின் கதவு அந்தப் பெண்ணுக்காக நாளுக்கு ஒரு தரம் திறக்கும், காலை ஆறே முக்காலுக்கு, கோலத்துக்காக. பெண் வாசலை நனைத்துத் துடைத்துவிட்டு உட்கார்ந்து மாவு இழுப்பாள். ஹேமா மேடம் உள்ளே சோபாவில் காப்பித் தம்ளரோடு, கண் முழுக்க வாசலில். அமலோற்பவம் அந்நேரம்தான் வேலைக்கு வந்து இந்தப் பக்கத்துப் பூட்டைத் திறப்பாள், வேண்டுமென்றே மெதுவாகத் திறப்பாள். எட்டு மாசத்தில் மூன்றே மூன்று பேச்சு. முதல் தடவை, பேரென்னம்மா என்றதற்கு, "பூஜா" என்றாள், பிறகு தலை தூக்காமல், "பூங்காவனம். பெருசா இருக்குதுன்னு மேடம் மாத்திட்டாங்க." இரண்டாம் தடவை, செருப்பு எங்கம்மா வச்சிருக்கே என்றதற்குச் சிரித்தாள். "எனக்கு எதுக்குக்கா? நான் எங்க போறேன்." அந்தச் சிரிப்பு அமலோற்பவத்தின் கூடவே பஸ் ஏறி ஓட்டேரி வரை வந்தது. மூன்றாவது, போன வியாழக்கிழமை. உள்ளே போன் அடித்து மேடம் எழுந்து போன நேரத்தில், பெண் நிமிர்ந்து, கையில் மாவோடு, அவசரமில்லாத குரலில், ஏதோ சமையல் கேட்கிற மாதிரி கேட்டாள். "யக்கா, இங்கருந்து பஸ்ஸு எந்தப் பக்கமா வரும்?" பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "பூஜா, கதவச் சாத்து, குளிருது." கதவு சாத்திக்கொண்டது. கேள்வி மட்டும் வெளியே நின்றது. கோலத்துக்குப் பக்கத்தில் ஈரத்தில் ஒரு பாதம் பதிந்திருந்தது, ஐந்து விரலும் தனித்தனியாக, குதிகால் உருண்டையாக. காய்வதற்குள் என்ன செய்வது என்று தெரியாமல் அமலோற்பவம் உள்ளே ஓடித் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தாள், பாதத்தின் மேல் நீளவாட்டில் வைத்து, பெருவிரல் நுனியில் ஒடித்தாள். ஏன் ஒடித்தாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. சாயங்காலம் அந்தக் குச்சியைச் செருப்புக்கடையில் நீட்டியபோதுதான் தெரிந்தது. கடைக்காரன் குச்சியைப் புரட்டிப் பார்த்தான். "ஏம்மா, குச்சிக்கா செருப்பு? அதுக்கு ஒத்தக் காலுதான இருக்கு." "ரெண்டு காலுக்கும் குடு. நடந்து பழகிக்கும்" என்றாள். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அது இப்போது பாலிதீன் பையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், காத்துக்கொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமை ராத்திரியே பர்வீனுக்குப் போன் செய்துவிட்டாள். "உனக்கு ஏற்கெனவே மூணு ஜோடி இருக்கு, இது நாலாவதா? கட வைக்கப்போறியா" என்று பர்வீன் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள்.

மூன்று ஜோடி இருப்பது உண்மைதான். வேலைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, இன்னும் காலில் போடாதது ஒன்று. போடாத ஜோடியைக் கட்டிலடியில் வைத்திருக்கிறாள், இருக்கட்டும் என்று. முப்பத்தொரு வயதில் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வளைகுடா நாட்டுக்குப் போன நாள், பதினோராவது மாடி வீட்டு வாசலில், கோகிலா மேடம் முதல் வேலையாக அவள் செருப்பை வாங்கிக்கொண்டாள். "மண்ணு ஒட்டியிருக்கு பாரு. வீட்டுக்குள்ள இருக்கறவளுக்கு இது எதுக்கு?" நம் ஊர்ப் பேச்சு, நம் ஊர்க் குங்குமம், நாகர்கோவிலோ மதுரையோ. அந்நிய நாட்டில் தமிழ் கேட்டதே பாக்கியம் என்று அமலோற்பவம் கழற்றிக் கொடுத்தாள். கோகிலா மேடம் அதைத் தாழ்வாரத்துக் குப்பைக் குழாயின் மூடியைத் தூக்கி உள்ளே போட்டாள். ஒவ்வொரு மாடியாக இடித்துக்கொண்டு இறங்கிற்று, டப், டப், டப். எண்ணிக்கொண்டே நின்றாள். எங்கேயோ அடியில் போய்ச் சத்தம் நின்றது. பாஸ்போர்ட்டைக் கேட்டபோதுகூட அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது காகிதம். செருப்புச் சத்தம் நின்றபோதுதான் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சொல்லச் சொல்ல ஒன்றுமில்லாமல் போகிற விஷயங்கள். அடித்தார்களா, இல்லை. பட்டினி போட்டார்களா, மிச்சம் இருந்தது. துணி உலர்த்துகிற பால்கனியில் படுக்கை, விடிகாலை நாலரைக்கு எழுந்தால் மறுபடி படுக்கிற நேரத்தை யாரும் கேட்பதில்லை, தம்பி போன் செய்தால் மேடத்தின் கையில்தான் போன், "அவ நல்லா இருக்கா, இப்ப வேலையா இருக்கா." கதவைப் பூட்டினார்களா என்று பிற்பாடு ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள். பூட்டவில்லை. அதுதான் வெட்கம். பூட்டாத கதவுக்கு இந்தப் பக்கம் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தவள் என்ன சொல்வாள். வெறுங்காலோடு எங்கே போவது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே ஆமாம், பூட்டினார்கள் என்று பொய் சொன்னாள். பொய் சொன்ன இடம் இன்னும் உறுத்துகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த டீயை ஏன் போட்டேன். யோசனை எங்கே சுற்றினாலும் செக்குமாடு மாதிரி அந்த டீயிடம்தான் வந்து நிற்கிறது. மூன்றாம் வருஷம். எதிர்க்கட்டடத்து மாடியில் யாரோ, முகம் தெரியாத யாரோ ஒருவர், பால்கனியில் படுத்திருக்கிறவளைப் பார்த்துத் தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் தமிழ் பேசுகிறவர். கூடத்தில் உட்கார வைத்து, கோகிலா மேடம் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்க, அவர் கேட்டார். "உங்களை யாராவது கஷ்டப்படுத்துறாங்களாம்மா?" அமலோற்பவம் அவர் காலுறையைப் பார்த்தாள், வெள்ளை வெளேரென்று இருந்தது. இத்தனை சுத்தமான மனுஷர் முன்னால் ஒரு வீட்டு அழுக்கை எப்படி எடுத்துப் போடுவது. அந்த வீடு தனக்கு என்ன வேண்டும், ஆனாலும் அதன் மானம் தன் கையில் இருக்கிற பீங்கான் தட்டு மாதிரி இருந்தது அவளுக்கு. கீழே போட மனசு வரவில்லை. அவளைச் சோறு ஊட்டி வளர்த்ததா அந்த வீடு, இல்லை. இருந்தும், "நல்லா வச்சிருக்காங்க சார்" என்றாள். "பாத்தீங்களா, எங்க பொண்ணு மாதிரி" என்றாள் மேடம். "அமலு, சாருக்கு டீ போடும்மா." அம்மா என்று அழைத்தது அன்றைக்கு ஒரு நாள்தான். உள்ளே போய், தன்னைக் கூட்டிப்போக வந்தவர்களுக்குத் தன் கையால், இஞ்சி தட்டிப் போட்டு, கொதிக்க விட்டு, நுரை பொங்க ஆற்றி, டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு துண்டு இஞ்சி கூடவே போட்டாள், நன்றாக இருக்கட்டும் என்று. "டீ பிரமாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கோப்பையின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். அதைக் கழுவி ஊற்றினாள். அந்த டீக்கு விலை இன்னும் இரண்டு வருஷம் நாலு மாசம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லித்தான் அம்மா அவளை ரயிலேற்றி அனுப்பினாள். எத்தனை காலம் கழித்து, இந்த மாதிரி ஒரு மத்தியானத்தில், குழம்புக்கு உப்பை அள்ளுகிறபோது சட்டென்று உறைத்தது. அந்த வீட்டில் மூன்று வேளையும் உப்பைப் போட்டது யார் கை? இந்தக் கை. அவர்கள்தான் இவள் உப்பைத் தின்றார்கள். அன்றைக்கு இதே சமையலறையில் ஒற்றையாளாகச் சிரித்துவிட்டாள். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, நிர்மலா தயிர் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பெரிய வீரமில்லை. மேடத்தின் மாமியார் செத்துப்போனாள், துட்டிக்கு எல்லாரும் ஊருக்கு வந்தார்கள், சாவுவீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமே என்று இவளையும் கூட்டி வந்தார்கள். சென்னை விமான நிலையத்தில் பெண்கள் கழிப்பறைக்குள் ஒரு துப்புரவுக்காரம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அமலோற்பவம், "அக்கா, நான் வெளிய போவணும்" என்றாள். யார், என்ன, ஏன் என்று அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. யார் உன்னைக் கஷ்டப்படுத்தினது என்று கேட்டிருந்தால் இவள் யாருமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த அம்மாள் துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்தாள். "என் பின்னாடியே வா. திரும்பிப் பாக்காத." அவ்வளவுதான். ஒரு கதவு, ஒரு நடை, இன்னொரு கதவு, பிறகு முகத்தில் அறைகிற வெயில். அந்த முகம் மறந்துவிட்டது. முன்னால் நடந்த குதிகால் இரண்டும் மறக்கவில்லை, பித்தவெடிப்பு விட்டு, அதில் ஈரம் மின்னிக்கொண்டு.

மூன்றரைக்குப் போன் அடித்தது. பர்வீன். ஆட்டோ சத்தம் பின்னால் இரைந்தது. "கெளம்பிட்டோம்டி. ஆபீசர் அம்மா முன்ன ஜீப்புல போறாங்க. நல்ல மாதிரிதான் தெரியுது, ஆனா கையில ஒரு பாரம் வச்சிருக்காங்க, அதுல இருக்கற கேள்வியத்தான் கேப்பாங்க." "என்னா கேள்வி?" "யாராவது கட்டாயப்படுத்தி வச்சிருக்காங்களா, கொடும பண்றாங்களா, அதான்." "பர்வீனு, அத கேக்கக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொன்னேன். கூடத்துல வச்சிக் கேக்கக் கூடாது, அந்தம்மா நிக்கச்சே கேக்கக் கூடாது. கடசியா எப்ப தெருவுக்குப் போனேன்னு கேக்கச் சொல்லு." "நான் சொன்னேன் தாயே. பாரத்துல அது இல்லியே. எடம் இருந்தா கடைசில எழுதிக்கிறேன்றாங்க." "சரி, ஒண்ணு மட்டும். டீ குடுத்தா குடிக்காதீங்க." "ஏன், விஷம் வச்சிருவாங்களா?" "குடிக்காதன்னா குடிக்காத." பர்வீனுக்கு எல்லாம் தெரியும், டீ மட்டும் தெரியாது. அதை அமலோற்பவம் யாரிடமும் சொன்னதில்லை. "சரிடி, குடிக்கல" என்றாள் பர்வீன். முக்கால் கிண்ணம் ஆகியிருந்தது. வெயில் முழங்காலை விட்டுவிட்டு அம்மிக்கல் பக்கம் நகர்ந்திருந்தது. அந்தப் பெண் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், துணி மடித்துக்கொண்டிருப்பாளா. தன்னைக் கேட்க ஆள் வருகிறது என்று தெரியாமல் மடிக்கிற துணி எவ்வளவு ஒழுங்காக இருக்கும். தெரிந்தால் மட்டும் என்ன, தனக்குத் தெரிந்திருந்தால் தான் மாற்றிச் சொல்லியிருப்பாளா. தெரியவில்லை. பதினேழு வருஷமாக யோசித்தும் தெரியவில்லை. பூங்காவனம், பூங்காவனம் என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பெரிய பெயர்தான். நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கலாம், அவ்வளவு இடம் இருந்தது அதில்.

நாலு அடித்து ஏழு நிமிஷத்துக்கு லிஃப்ட் கதவு திறந்தது. அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. வாசற்கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தாள், சமையலறையிலிருந்தே கேட்கும். எதிர்வீட்டு மணி, பறவை கூவுகிற மணி. ஹேமா மேடத்தின் குரலில் முதலில் வியப்பு, பிறகு மரியாதை, "உள்ள வாங்க, உக்காருங்க." கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். கதவை யாரும் சாத்தவில்லை, பர்வீன்தான் சாத்தவிடாமல் நிலையில் சாய்ந்து நின்றிருப்பாள். "எங்களுக்குச் சொந்தம் மேடம், எங்க பொண்ணு மாதிரி. பூஜா, இங்க வாம்மா." காகிதம் புரள்கிற சத்தம். அதிகாரி அம்மாவின் குரல் கெட்ட குரல் இல்லை, களைத்த குரல். பேர், வயது, ஊர். பிறகு அது வந்தது, எழுத்துப் பிசகாமல் வந்தது. "உன்னை இங்க யாராவது கட்டாயப்படுத்தி வச்சிருக்காங்களாம்மா?" அமலோற்பவத்தின் விரலிடுக்கில் ஒரு பருப்பு பாதி வெளியே வந்து நின்றது. அவள் அழுத்தவில்லை. எதிர்வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. "இல்லீங்க" என்றாள் அந்தப் பெண். "நல்லா வச்சிருக்காங்க." அதே சொற்கள், அதே வரிசை. கடல் தாண்டி, பதினேழு வருஷம் தாண்டி, ஒரு சொல்கூட இடம் மாறாமல். யார் கற்றுக்கொடுக்கிறார்கள் இதை. பள்ளிக்கூடத்தில் இல்லை, அம்மாவும் இதே சொல்லில் கற்றுத் தரவில்லை. "பாத்தீங்களா?" என்றாள் ஹேமா மேடம். "பூஜா, வந்தவங்களுக்கு டீ போடும்மா."

அமலோற்பவம் எழுந்துவிட்டாள். முழங்கால் வலித்தது, வலி பின்னாலேயே நின்றுவிட்டது. மொச்சைத் தோல் ஒட்டிய கையாலேயே பையை எடுத்தாள். தாழ்வாரத்தில் நின்றபோது நிர்மலாவின் குரல் காதில் வந்தது, நம்ம வாசல்ல எதுவும் நடக்க வேணாம். நம்ம வாசலில் இல்லையே, எதிர்வாசலில்தானே என்று அவளுக்குள் ஒன்று சமாதானம் சொல்லிற்று. நாலு சி-யின் வாசலில் காலைக் கோலம் கொஞ்சமும் கலையாமல் இருந்தது, அதை மிதிக்க அந்த வீட்டில் ஆளே இல்லையா, எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பையிலிருந்து செருப்பை எடுத்துக் கோலத்தின் மேலேயே வைத்தாள். குனிந்து, முனை இரண்டும் படிக்கட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். நிமிர்ந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், கையில் பேனாவோடு அதிகாரி, நிலையில் பர்வீன், சுவரோரம் பெண் போலீஸ். ஹேமா மேடம் சிரிப்பை முகத்தில் மாட்டினபடியே, "என்னம்மா வேணும்?" என்றாள். அமலோற்பவம் கூடத்தின் கடைசியில், சமையலறைக்குத் திரும்புகிற இடத்தில் டீ வடிகட்டியோடு நின்றிருந்த பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். "பூங்காவனம், அன்னைக்குக் கேட்டியே. வாசக் கேட்ட வுட்டு எறங்குனா சோத்துக்கைப் பக்கமா நடக்கணும். பிள்ளையார் கோயில் தாண்டுனா பஸ்ஸு." குரல் சமையல் சொல்கிற குரல் மாதிரி வந்தது, அதுபோதும் என்று நினைத்தாள். இதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

பெண் அவளைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ. உள்ளே அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லை, வாசலுக்கு நடந்து வந்து, கையிலிருந்த டீ வடிகட்டியை வாசல் அலமாரி மேல், மேடத்தின் குதிகால் செருப்புக்குப் பக்கத்தில், ஓசைப்படாமல் வைத்தாள். பாவாடை நுனியில் பாதத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள், புதுச்செருப்பு அழுக்காகிவிடக் கூடாதே என்று. வலது காலை நுழைத்தாள். "எங்க போறே?" என்றாள் ஹேமா மேடம், குரல் உயரவில்லை, முதல் தடவையாகத் தாழ்ந்தது. இடது காலை நுழைத்துக்கொண்டே பெண் சொன்னாள். "பஸ்டாண்டு வரிக்கும்." தட்டுத் தடுமாறிச் சொல்லவில்லை, வெகுநாளாகச் சொல்லி வைத்திருந்த மாதிரி சொன்னாள். அதிகாரி அம்மா பாரத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். களைத்த முகத்தில் எங்கேயோ ஒரு விளக்கு போட்ட மாதிரி இருந்தது. "நாங்களும் கீழதாம்மா போறோம்" என்றார். "கூடவே வா." ஹேமா மேடம் ஏதோ சொல்ல வந்தாள். பெண் போலீஸ் சும்மா ஒரு அடி எடுத்து நடுவில் நின்றாள். "அப்புறம் பேசிக்கலாம்மா. பொண்ணு பஸ்டாண்டுக்குத்தானே போகுது."

லிஃப்ட் காத்திருந்தது, பெண் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, படியில் இறங்கினாள். செருப்பு ஒரு விரல் பெரிதாகப் போய்விட்டது. ஈரத்தில் பாதம் பரந்து பதிந்திருக்கும், குச்சி அதைத்தானே அளந்தது. குதிகாலுக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி விட்டு, ஒவ்வொரு படிக்கும் சடக், சடக் என்று அடித்தது. பர்வீன் கடைசியாகப் போனாள். போகிறபோது அமலோற்பவத்தின் தோளில் தோளை இடித்துவிட்டு, "டீ குடிக்கல, பாத்துக்கோ" என்றாள். இது முடிவில்லை என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். வாக்குமூலம் இருக்கும், மறுபடி மறுபடி கேட்பார்கள், தையல் என்று சொல்லி அழைத்து வந்த ஆள் ஊரில் இருப்பான், பூட்டினார்களா என்று கேட்க ஊரில் நூறு வாய் இருக்கும். எல்லாம் இருக்கட்டும். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று காதைக் கொடுத்தாள். மூன்றாவது மாடி. இரண்டாவது. ஒன்று. பதினோரு மாடி இறங்கி ஒரு சத்தம் ஒரு காலத்தில் அடியில் போய் நின்றது. இது நாலு மாடி இறங்கி, சிமெண்டுத் தரைக்கு வந்து, கொஞ்சம் மாறி, வாசல் பக்கமாகப் போய், சோற்றுக்கைப் பக்கம் திரும்பி, தெருச் சத்தத்தில் கலந்துதான் காணாமல் போயிற்று.

எதிர்க்கதவு சாத்தியாயிற்று. கோலத்தின் நடுவில் இரண்டு செருப்புத் தடம், முனை படிக்கட்டைப் பார்த்தபடி, மாவில் வழவழவென்று பதிந்திருந்தது. அமலோற்பவம் அதைத் தாண்டித்தான் வந்தாள். உள்ளே வந்து கையைக் கழுவி, மறுபடி தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதி வெளியே வந்து நின்ற அந்தப் பருப்பு கிண்ண ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்து லேசாக அழுத்தினாள், வழுக்கி விழுந்தது. இன்னும் ஒரு கைப்பிடி இருந்தது. நிர்மலா வருவதற்குள் குழம்பு கொதித்துவிடும்.